ஒட்டுக் கேட்ட கத்திரிச் செடிகள்

ஜனவரி 19, வெள்ளி

இருபத்தொரு நாள் வாயைத் திறக்கக் கூடாது. குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது. அது சத்தம் போடுவதைவிட மோசமாம். நேற்று மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சொன்ன முதல் சேதி இதுதான். "அப்ப நான் எப்படி..." என்று ஆரம்பிக்கப் போனேன். நர்ஸம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். முப்பத்தொரு வருஷமாகப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஊரார் பிள்ளைகள் வாயை அடைத்தவள் நான். என் வாயை ஒருத்தி பொத்தியது இதுதான் முதல் தடவை.

தொண்டைக்குள் குரல் வருகிற இடத்தில் மிளகு அளவு கட்டி. எடுத்தாயிற்று. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். 29ஆம் தேதி ரிப்போர்ட் வரும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும். அதனால்தான் பள்ளியில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த இந்த வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெயர் எழுதுகிற கட்டத்தில் என் புலம்பல் ஓடுகிறது.

வீட்டில் பேச வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். பெயர் குற்றாலிங்கம், என் வீட்டுக்காரர். ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தாறு வருஷம் ரயிலில் போகிற தபால்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் மூன்று: "ம்", "சரி", "இருக்கட்டும்". பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான். சங்கரன்கோவில் வீட்டுக் கிணற்றடியில் எங்களைப் பேச விட்டார்கள். அரை மணி நேரம் நான் என் கோகோ அணியைப் பற்றியே பேசினேன். அவர் "ம்" கொட்டினார். அன்றைக்கே தூத்துக்குடியில் இருந்த என் சிநேகிதி மரியபுஷ்பத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

இனி இருபத்தொரு நாள் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது.

ஜனவரி 20, சனி

ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி வந்தார். கேட்காமலே வாங்கி வந்தார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

காலையில் காபி போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு சிலேட்டில் எழுதினேன்: "சர்க்கரை போடவில்லை."

படித்தார். சிலேட்டை வாங்கி, என் எழுத்தை அழித்துவிட்டு, நிதானமாக எழுதிக் கொடுத்தார்: "மறந்துவிட்டேன். நீ பக்கத்தில் நின்று திட்டாததால் கை ஓடவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு எழுதினேன்: "வாய் மூடச் சொன்னது எனக்கு. உங்களுக்கு இல்லை."

"ஆமா என்ன" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்தார். ஆனால் மத்தியானம் திரும்பவும் எழுதித்தான் பதில் சொன்னார்.

ஜனவரி 21, ஞாயிறு

உடம்பு விசாரிக்க ஆள் வந்தபடி இருக்கிறது. எதிர் வீட்டுச் செல்லத்தாய் மைனி இரண்டு சாத்துக்குடியோடு வந்து என் காதில் வாயை வைத்துக் கத்தினாள். "எப்படி இருக்கு? வலிக்கா?" தொண்டையில்தான் ஆபரேஷன், காதில் இல்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "ஆமா, ஆமா!" என்று அதையும் கத்தியே சொன்னாள்.

சாயந்திரம் செண்பகவல்லி வந்தாள். என்னுடைய பழைய கோகோ அணியின் கேப்டன். இப்போது வேளாண்மைக் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பின்பக்கம் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். கார்த்திகையில் வைத்த எட்டுக் கத்திரிச் செடி, கிணற்றடியிலிருந்து மதில் வரைக்கும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதல் செடியில் பச்சைப்புழு விழுந்து இலையெல்லாம் ஓட்டை.

மருந்தடிக்கலாமா என்று எழுதினேன்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். இந்தச் செடி இப்பம் பேசிக்கிட்டு இருக்கு" என்றாள்.

நான் முறைத்தேன்.

"நெசமாத்தான் டீச்சர். புழு கடிச்சதும் இலையிலருந்து ஒரு வாசம் கெளம்பும். காத்துல அது பக்கத்துச் செடிக்குப் போவும். அது உசாராகி, புழு வாரதுக்கு முந்தியே தன் இலையப் புழுவுக்குப் பிடிக்காத மாதிரி மாத்திக்கிடும். நெறைய செடியில இதப் பாத்திருக்காங்க. புல்லு வெட்டும்போது ஒரு வாசன வருமே, அதுகூட வெட்டுப்பட்ட புல்லு விடுததுதான்."

அப்படியானால் முதல் செடி மற்றதைக் காப்பாற்றக் கூப்பாடு போடுகிறதா என்று கேட்டு எழுதினேன். ஒரு வகுப்புக்கு லீடர் மாதிரி என்று எனக்குள் பெருமை.

"அதான் டீச்சர் தெரியல. அது யாருக்கும் சொல்லணும்னு சொல்லாமக்கூட இருக்கலாம். பக்கத்துச் செடி சும்மா ஒட்டுக் கேக்குதுன்னு சொல்லுதவங்களும் உண்டு."

ஒட்டுக் கேட்கும் கத்திரிச் செடி! எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. செண்பகவல்லி இன்னொன்றும் சொன்னாள். மல்லிகைப் பூ வாசத்தில் இருக்கிற ஒரு பொருளும் செடிகள் விடுகிற இந்த எச்சரிக்கைச் சேதியில் வருமாம். அப்படியென்றால் இத்தனை வருஷம் அபாய அறிவிப்பைத் தலையில் சூடிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

ராத்திரி சாப்பிடும்போது இதை அவருக்கு எழுதிக் காட்டினேன். சிலேட்டை வாங்கி எழுதினார்: "பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்."

மனுஷனுக்கு இவ்வளவு குசும்பு எங்கே இருந்தது?

ஜனவரி 22, திங்கள்

சோதனை ஆரம்பம். எட்டுச் செடிக்கும் வரிசை எண் போட்டுக் குச்சி நட்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவு: ஒவ்வொரு செடியிலும் எத்தனை ஓட்டை.

எண் 1: முப்பத்திரண்டு. எண் 2: ஒன்பது. எண் 3: நான்கு. மற்றவை: சுத்தம்.

இனி ஓட்டை பரவுகிறதா, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செடிகளுக்கு நடுவில் சேதி போனால் பரவாது.

ஜனவரி 23, செவ்வாய்

என் அத்தைக்கும் தொண்டையில்தான் வந்தது. ஆறு மாதத்தில் போய்விட்டாள்.

எண் 1: முப்பத்தைந்து. எண் 2: ஒன்பது. எண் 3: நான்கு.

ஜனவரி 24, புதன்

விசில் ஞாபகம் வந்தது! டாக்டர் பேசக் கூடாது என்றாரே தவிர ஊதக் கூடாது என்று சொல்லவில்லை. என் கைப்பையில் முப்பது வருஷமாகக் கிடக்கிற இரும்பு விசிலை எடுத்தேன். ஒரு ஊதல் என்றால் இங்கே வாருங்கள். இரண்டு என்றால் காபி. மூன்று என்றால் பால்காரர் வந்திருக்கிறார், கதவைத் திறங்கள். ஒரு அட்டையில் பட்டியல் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவர் படித்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் இவருக்கு என்ன கேடு வந்திருக்கும் என்று கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் பட்டியல் போட்டிருக்க மாட்டேன். ஒரு கத்தலில் காரியம் முடிந்திருக்கும்.

சாயந்திரம் காபிக்கு இரண்டு ஊதினேன். தெருவில் பள்ளி விட்டுப் போய்க்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படியே வரிசையில் நின்றுவிட்டன. ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

ஜனவரி 26, வெள்ளி

பள்ளி அடுத்த தெருதான். கொடியேற்றத்துக்கு வரிசை கட்ட வேறொரு டீச்சர் மைக்கில் கத்துவது இங்கே கேட்டது. "அட்டென்ஷன்" என்பதை மூக்கால் சொல்கிறாள். முப்பது வருஷமாக மைக் இல்லாமல் நான் சொல்லி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனும் நிமிர்ந்து நின்ற ஊர் இது.

அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். தேசிய கீதம் தொடங்கியதும் நேராக நின்றேன். வாய் தன்னால் திறந்தது, மூடிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ பாடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் இவர் கையில் கரண்டியோடு, கண்ணை மூடிக்கொண்டு, தப்பான சுருதியில் கடைசி வரைக்கும் பாடினார்.

எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எழுதிக் காட்டினேன். வெங்காயம் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் முழுசாக இருந்தது.

எண் 2: ஒன்பது. எண் 3: நான்கு. நான்கு நாளாக ஒரு ஓட்டை கூடவில்லை!

ஜனவரி 27, சனி

வெற்றி. எண் 1 தவிர வேறெங்கும் புதிய கடி இல்லை. எட்டுச் செடியும் ஒன்றோடொன்று பேசுகின்றன. என் கண்ணால் பார்த்துவிட்டேன். செண்பகவல்லிக்கு வாட்ஸ்அப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதி, பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "சூப்பர் டீச்சர்!!! நம்பவே முடியல" என்று பதில் வந்தது. ஓசூரில் இருக்கும் மகள் உலகம்மைக்கும் அனுப்பினேன். "அம்மா, நாளன்னைக்கு ரிப்போர்ட்டுக்கு நான் வரட்டா?" என்று கேட்டாள். நான் செடியைப் பற்றி எழுதினால் இவள் எதையோ கேட்கிறாள். வேண்டாம் என்று எழுதினேன்.

ஜனவரி 28, ஞாயிறு

மோசம் போனேன். என் சோதனை நாசம்.

தூக்கம் சரியில்லாததால் ஆறு மணிக்கே எழுந்து அடுப்படி ஜன்னலைத் திறந்தேன். விடிந்தும் விடியாத நேரம். இவர் முக்காலி போட்டுக் கத்திரிச் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கையில் சிரட்டை. எண் 2இல் இலை இலையாகப் புரட்டி, புழுவைப் பொறுக்கிச் சிரட்டையில் போடுகிறார்! பிறகு எண் 3. தினமும் இதே வேலை போலிருக்கிறது. எண் 1ஐ மட்டும் தொடவில்லை; நான் அதில் புழு வேண்டும் என்று எழுதிக் காட்டியதை ஞாபகம் வைத்திருக்கிறார். மற்றதில் புழு வராமல் பார்த்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார், அட மண்டு மனுஷா! நான் எண்ணியது செடி பேசியதை அல்ல, இவர் பொறுக்கியதை. ஆறு நாள் கணக்கும் குப்பை. செண்பகவல்லி முகத்தில் எப்படி விழிப்பேன்? கொல்ல மனசில்லை போலிருக்கிறது, பொறுக்கிய புழுவையெல்லாம் மதிலுக்கு வெளியே காலி மனையில் இருக்கிற எருக்கஞ்செடியில் விடுகிறார். அது புழுக்களுக்குப் பிடிக்குமா என்றாவது கேட்டாரா?

இன்னொன்றும் நடந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் அல்ல, கத்திரிச் செடியிடம். வாய் திறந்து, சத்தமாக, நிறுத்தாமல்.

"நேத்து ரெண்டு இட்லிதான் சாப்ட்டா. ராத்திரி மூணு தடவ எந்திச்சா. தூங்குத மாதிரி நடிக்கா. நானும் தூங்குத மாதிரி நடிக்கேன். நாளைக்கு ரிப்போர்ட்டு. நீங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுவியளாமே, அவ சொல்லுதா. அப்ப யார்ட்டயாது சொல்லுங்க. அவளுக்கு ஒண்ணும் வரப்பிடாது. இந்த வீட்ல அவ சத்தம் இல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கி."

ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினேன். செடி மாதிரி நானும் ஒட்டுக் கேட்டுவிட்டேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்று பத்து நாளாகப் பயமாக இருக்கிறது.

காபி குடிக்கும்போது புழு விஷயமாக அவரைக் கேட்கவில்லை. சிலேட்டில் "இன்றைக்கு மூன்று இட்லி" என்று மட்டும் எழுதினேன். நான்கு வைத்தார்.

ஜனவரி 29, திங்கள்

ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை! கத்திக் கத்தி வந்த வீக்கம், அவ்வளவுதான்!

நிதானமாக எழுதுகிறேன். ரிப்போர்ட் உறையை அவர் கையில் கொடுத்தார்கள். தபால்காரப் புத்தி, முதலில் உறையைத் திருப்பி முகவரியையும் பின்கோடையும் சரிபார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு டாக்டர் வாங்கிப் பார்த்து, "நல்ல சேதிம்மா" என்றார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினார், விடவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மருந்து கொடுக்கிற பெண்ணிடம் "என் வீட்டம்மாவுக்கு ஒண்ணுமில்லையாம்" என்றார். வாசலில் செக்யூரிட்டியிடம் சொன்னார். ஆட்டோக்காரரிடம் சொன்னார். அல்வாக் கடையில் அல்வா கட்டுகிறவரிடம் சொன்னார். பின்னால் நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர், "சந்தோசம் அண்ணாச்சி" என்று இவர் முதுகில் தட்டினார். வீட்டுக்கு வந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போனார். யாரிடம் சொல்லப் போனார் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் நின்று விசிலை எடுத்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் ஊதினேன். பட்டியலில் இல்லாத ஊதல். செல்லத்தாய் மைனி பதறி ஓடிவந்தாள். அவள் வாயில் அல்வாவைத் திணித்தேன்.

ஜனவரி 30, செவ்வாய்

பன்னிரண்டு மணி வரைக்கும் தூங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

சோதனையைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். அவரிடம் சிலேட்டில் கறாராக எழுதினேன்: "புழு பொறுக்குவது எனக்குத் தெரியும். இனி தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்காரலாம்."

முகம் சிவந்துவிட்டது. "எப்பம் பாத்த?"

"ஞாயிற்றுக்கிழமை."

"ஞாயித்துக்கெழமையா..." என்று இழுத்தார். என்ன கேட்டாய், எதுவரை கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நான் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து ஓட்டை எண்ணினேன். கை சும்மா இருந்ததாலோ என்னவோ, வாய் பேச ஆரம்பித்தது.

ஒருதடவை சாக்கில் வந்த பார்சலுக்குள் உயிரோடு ஒரு கோழி இருந்த கதையைச் சொன்னார். மணியாச்சி ஸ்டேஷனில் அது கத்தியதில் மொத்த ரயில் பெட்டியும் பயந்துபோன கதை. எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா நோகிறது. இருபத்தொன்பது வருஷமாக இந்தக் கோழியை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

பிப்ரவரி 3, சனி

செண்பகவல்லி வந்தாள். என் ஆறு நாள் கணக்கு நாசமானதைச் சிலேட்டில் எழுதி ஒப்புக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரவாயில்ல டீச்சர், எங்க லேப்லயும் இப்படித்தான். ஒரு நாள் சுத்தம் பண்ணுத அக்கா என் புழுவையெல்லாம் கூட்டித் தள்ளிட்டா."

புதுக் கணக்கைக் காட்டினேன். எண் 1: நாற்பத்தெட்டு. எண் 2: இருபது. எண் 3: பதினொன்று. எண் 4: மூன்று. அதற்கப்புறம் ஒன்று, சுழியம், ஒன்று, சுழியம். அப்புறம் சின்னதாக ஒரு குளவி எண் 1ஐச் சுற்றிச் சுற்றி வருவதையும் காட்டினேன். செண்பகவல்லி முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"இது புழு மேல முட்ட போடுத குளவி. கடிபட்ட எல விடுத வாசத்த வச்சு எடத்தக் கண்டுபிடிச்சு வந்துரும்."

அப்படியானால் நிரூபணம் ஆகிவிட்டதா என்று எழுதினேன்.

"எட்டுச் செடி பத்தாது டீச்சர். எண்ணூறு வேணும்" என்றாள். பிறகு தணிந்த குரலில், "ஆனா அழகா இருக்கு" என்றாள்.

அவர் முக்காலியில் இருந்தபடி, "எண்ணூறு வச்சிருவோம்" என்றார். கேட்காமலே ஒரு வாக்கியம்.

பிப்ரவரி 5, திங்கள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். பதிவேடு என் பெயரில்தானே இருக்கிறது.

வியாழக்கிழமை எனக்குப் பேச அனுமதி கிடைத்துவிடும். குரல் முன்னே மாதிரி வருமா, கரகரவென்று வருமா என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு கவலை. ஆனால் நேற்று மத்தியானம் அவர் தென்காசியில் மழையில் நனைந்த தபால் மூட்டைகளை ஒவ்வொரு கடிதமாகக் கொடியில் காயப்போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்கு வேறொரு கவலை வந்தது. கதையின் நடுவில் நான்கு இடத்தில் எனக்குக் குறுக்கே பேச வாய் துறுதுறுத்தது. "அந்த மூட்டை எத்தனை கிலோ இருக்கும்?", "குடை கொண்டு போகவில்லையா?", "எங்கள் பள்ளியிலும் ஒருதடவை..." பேச முடிந்திருந்தால் பேசியிருப்பேன். அவர் "ம்" என்று நிறுத்தியிருப்பார். கடிதங்களைக் கொடியில் காயப்போட்டதையே நான் கேட்டிருக்க மாட்டேன்.

இருபத்தொன்பது வருஷமாக அப்படி எத்தனை "ம்". இவர் ஊமை இல்லை. இந்த வீட்டில் இடைவெளி இல்லை, அவ்வளவுதான்.

குரல் வந்தால் இவர் திரும்ப வாயை மூடிக்கொள்வாரே என்று பயமாக இருக்கிறது. குரல் வராமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கத்திரிக்காய்க் கூட்டு வைத்தேன். எண் 6இல் முதல் காய் பறித்தது. நன்றாக இருந்தது.

பிப்ரவரி 7, புதன்

நான் சொல்லப் போகிற முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று பந்தயம் நடக்கிறதாம். போனில் உலகம்மை சொன்னாள். அவள், "ஏட்டி உலகு" என்று தன்னைத்தான் கூப்பிடுவேன் என்கிறாள். செல்லத்தாய் மைனி "முருகா" என்று சொல்வேன் என்கிறாள். செண்பகவல்லி "அட்டென்ஷன்" என்று கட்டியிருக்கிறாள். அவர் எதுவும் கட்டவில்லையாம்.

எண் 6, எண் 8 இன்னும் சுத்தம்.

பிப்ரவரி 8, வியாழன்

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஆறிவிட்டதாம். "ஆ சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். கரகரப்பு இல்லை. கொஞ்சம் மெலிசாக, யாருடைய சத்தமோ போல இருந்தது, ஆனால் வந்தது. அது வார்த்தை இல்லை என்பதால் பந்தயத்தில் சேராது.

"இன்னைக்குப் பத்து நிமிசம்தான் பேசணும். மெதுவா பேசுங்க. மைதானத்துல இனிமே விசில், மைக், ரெண்டும்தான்" என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன்.

ஆட்டோவில் வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடத்தை ஆட்டோ சத்தத்தில் வீணாக்க மனசில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் தோட்டத்துக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். நான் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் எண் 1ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நீ பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். தப்பாத்தான் பண்ணேன். ஒட்டுக் கேக்குத அந்தச் செடி மாதிரின்னு வச்சுக்கோயேன். ஒன்னய பொண்ணு பாத்துட்டு வந்து மூணாவது நாளு, ஜங்ஷன்ல நைட்டு டூட்டி. சங்கரன்கோவில்லருந்து வந்த தபால் கட்டப் பிரிச்சேன். தூத்துக்குடிக்கு ஒரு கார்டு. மரியபுஷ்பம்னு பேரு. கீழ ஒன் பேரு. கார்டுதான, தெறந்து கெடக்கு. படிச்சிட்டேன்."

அடுத்தவர் தபாலைப் படித்திருக்கிறார்! சொல்ல வேண்டியது நூறு இருந்தது எனக்கு.

"நீ எழுதியிருந்த: 'மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. ஆனால் நான் பேசிய அரை மணி நேரமும் வேறு பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும்.' அந்தக் கார்ட தூத்துக்குடிப் பையில போடும்போது முடிவு பண்ணேன். இவ பேசட்டும். நாம வேற பக்கம் திரும்பிரக் கூடாதுன்னு."

அவர் நிறுத்திக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இனி என் முறை என்று நினைத்துவிட்டார். வாயை மூடி, கையைக் கட்டிக்கொண்டார். இருபத்தொன்பது வருஷமாக நான் பார்த்த அதே கோலம். அப்படி நான் எழுதியதே எனக்கு மறந்து போயிருந்தது. இவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

மடியில் சிலேட்டு இருந்தது. கைப்பையில் விசில் இருந்தது. தொண்டையில் குரல் இருந்தது, பத்து நிமிடத்துக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"பொறவு?"

அவர் திடுக்கிட்டுப் போனார். சிரித்தார். முக்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "பொறவா... பொறவு என்னன்னா..." என்று ஆரம்பித்தார். இருட்டுகிற வரைக்கும் சொன்னார்.

பந்தயத்தில் எல்லாருக்கும் தோல்வி. எட்டுச் செடியும் ஆஜர். ஒன்பது நிமிடத்துக்கு மேல் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.